கொலுசுக்குத் தோல், மாம்பழத்துக்குச் சதை: மின்காந்தச் சிதறலைக் கணக்கிடுவது எப்படி?

மார்கழி மாதக் காலை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே பனிமூட்டம் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. ஓட்டுநர் முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டார். எதிரே வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்ததுதான் மிச்சம். முணுமுணுத்தபடி மறுபடியும் தாழ்த்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நடத்துநரின் போன் அடித்தது. அடிவாரத்திலிருந்து யாரோ பேசினார்கள். சொல் சொல்லாகத் தெளிவாகக் கேட்டது.

என்னுடன் வந்த பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். "மாமா, ஒளியும் போன் அலையும் ஒரே வகை அலை என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது? பத்தடி தாண்டி ஒளி போகவில்லை. போன் அலை மட்டும் மலையடிவாரம் வரை எப்படிப் போய் வருகிறது?" என்றாள்.

நல்ல கேள்வி. அதற்கான பதில் ஒரு பெரிய துறையின் வாசற்படி. அன்று கோரிமேடு வருவதற்குள் அவளுக்குச் சொல்ல முடிந்தது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புத்தகம் சொல்வது சரி. இரண்டும் மின்காந்த அலைகள்தான், இரண்டும் ஒரே வேகத்தில்தான் போகின்றன. வேறுபாடு அலைநீளத்தில் இருக்கிறது. பச்சை ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் பேசும் போனின் அலைநீளம் 33 சென்டிமீட்டர். பனித்துளியின் விட்டத்தை 0.01 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளியின் கண்ணுக்கு அந்தத் துளி இருபது அலைநீள அகலமுள்ள பாறாங்கல். போன் அலையின் கண்ணுக்கோ அது தன் நீளத்தில் முப்பத்து மூவாயிரத்தில் ஒரு பங்கான தூசு. அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளி எவ்வளவு சிதறடிக்கும் என்று 1871-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே கணக்கிட்டுக் காட்டினார்: அலைநீளம் இரு மடங்கானால் சிதறல் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 33 சென்டிமீட்டர் அலைக்குப் பனிமூட்டம் என்ற ஒன்று இருப்பதாகவே தெரியாது.

இனி சிதறல் என்றால் என்ன என்று பார்ப்போம். அலை ஒரு பொருளின்மீது படும்போது பந்து போலப் பட்டுத் தெறிப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. வந்த அலையின் மின்புலம் பொருளுக்குள் இருக்கும் மின்னூட்டங்களை ஆட்டுகிறது. ஆடும் மின்னூட்டம் ஒவ்வொன்றும் தானே ஒரு சிறிய ஆன்டெனாவாகிப் புதிய அலையை வெளியே விடுகிறது. அந்தப் புதிய அலைகள் எல்லாம் சேர்ந்ததுதான் சிதறிய அலை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு மின்னூட்டம் வெளியே விடும் அலை பக்கத்து மின்னூட்டத்தையும் ஆட்டுகிறது. அது விடும் அலை திரும்ப வந்து இதை ஆட்டுகிறது. யார் யாரை எவ்வளவு ஆட்டுகிறார்கள் என்று ஒரே மூச்சில் கண்டுபிடித்தாக வேண்டும்.

இதற்கான விதிகளை மாக்ஸ்வெல் 1865-லேயே எழுதிவிட்டார். விதி தெரிந்தால் விடையும் தெரிந்துவிடும் என்பதில்லை. கோளத்துக்கான முழு விடையை ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மீ 1908-இல் கொடுத்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துகள்களுக்கு ஏன் அந்த நிறம் என்பதுதான் அவருடைய கவலை. கோளம், நீள் உருளை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வடிவங்களுக்குத்தான் இப்படிக் காகிதத்தில் எழுதி முடிக்கக்கூடிய விடை உண்டு. ஒரு கொலுசுக்கு இல்லை. ஒரு மாம்பழத்துக்கு இல்லை. பொருளைச் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஓர் எண் வீதம் கணினியிடம் கொடுத்து விடை கேட்பதுதான் ஒரே வழி. இதைத்தான் எண்முறைக் கணிப்பு என்கிறோம்.

எங்கே வெட்டுவது? என்னைக் கேட்டால் இந்தத் துறையின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மீதி எல்லாம் கூட்டலும் கழித்தலும்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் செய்த வெள்ளிக் கொலுசு ஒன்றையும், நன்றாகப் பழுத்த மல்கோவா ஒன்றையும் மேசைமேல் வையுங்கள். உலோகத்தில் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் ஓடுகின்றன. வெளியிலிருந்து மின்புலம் வந்த உடனே மேற்பரப்பில் ஓடிச் சேர்ந்து, அதை உள்ளே நுழைய விடாமல் தடுத்துவிடுகின்றன. ஒரு கிகாஹெர்ட்ஸ் அலை வெள்ளிக்குள் இரண்டு மைக்ரோமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்குத் தேய்ந்துவிடும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அது. எவர்சில்வரில் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். 13 மைக்ரோமீட்டர் அளவுக்கு. ஆகவே அலையைப் பொறுத்தவரை உலோகம் என்றால் அதன் தோல் மட்டுமே. அசல் வெள்ளிக் கொலுசும், போதுமான தடிமனில் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கொலுசும் அதற்கு ஒன்றுதான். பட்டறைத் தராசு இதை ஒத்துக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.

மாம்பழம் அப்படியல்ல. அது மின்கடத்தாப் பொருள் வகை. இங்கே மின்னூட்டங்கள் ஓட முடியாது. கட்டிப்போட்ட மாடு போல நின்ற இடத்திலேயே கொஞ்சம் இழுபடும், அல்லது திரும்பும். பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் மின்புலத்தின் பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. அலை உள்ளே போகிறது, வேகம் குறைகிறது, மறு ஓரத்தில் மோதித் திரும்புகிறது, போகிற வழியில் கொஞ்சம் சூடாகவும் மாறுகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் தொழிலே அதுதான். இங்கே தோலை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. தோல், சதை, கொட்டை என ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. சதைக்குள்ளும் வெட்ட வேண்டும்.

சதையையும் வெட்டும் முறையை முதலில் பார்ப்போம். 1966-இல் கேன் யீ என்பவர் வெளியிட்டது. பொருளையும் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து ஒரு பெட்டியில் அடைத்து, பெட்டியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். நேரத்தையும் சிறு அடிகளாகப் பிரிக்க வேண்டும். மின்புல எண்களை ஓரிடத்திலும், காந்தப்புல எண்களை அவற்றுக்கு நடுநடுவே உள்ள இடங்களிலும் எழுத வேண்டும். முதலில் காந்தம், பிறகு மின்சாரம், மறுபடியும் காந்தம். குழித்தறியில் ஒரு மிதியை அழுத்தினால் பாவில் ஒரு பாதி எழும்ப, நாடா ஒருமுறை ஓடுகிறது. அடுத்த மிதியில் மறு பாதி எழும்ப, நாடா திரும்பி ஓடுகிறது. அப்படி மாறி மாறித்தான் அலை நெய்யப்படுகிறது.

கோடு போட்ட நோட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே வரிசையில் ஒன்று முதல் ஆறு வரை கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மின்புல எண். அடுத்தடுத்த இரு கட்டங்களுக்கு நடுவில் ஒரு காந்தப்புல எண். விதி இரண்டுதான். புதிய காந்த எண் வேண்டுமானால், பழைய காந்த எண்ணிலிருந்து "வலப்பக்க மின் எண் கழித்தல் இடப்பக்க மின் எண்" என்பதைக் கழிக்க வேண்டும். புதிய மின் எண்ணுக்கும் அதே விதி. சுற்றியுள்ள காந்த எண்களை வைத்து. ஆறாவது கட்டம் உலோகச் சுவர். அங்கே மின் எண் எப்போதும் 0. உலோகத்தைப் பற்றிக் கணக்குக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

மூன்றாம் கட்டத்தில் மின் எண் 1. அதற்கு இடப்புறம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், காந்த எண் 1. மற்ற எல்லாம் 0. காந்த முறை: இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் 1 கழித்தல் 1, அதாவது 0. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் 0 கழித்தல் (0 − 1), அதாவது 1. அடுத்து மின் முறை: மூன்றாம் கட்டம் 0 ஆகிறது, நான்காம் கட்டம் 1 ஆகிறது. துடிப்பு ஒரு கட்டம் வலப்புறம் நகர்ந்துவிட்டது! அடுத்த அடியில் ஐந்தாம் கட்டத்துக்குப் போகிறது. மூன்றாம் அடியில் ஒரு வேடிக்கை நடக்கும். ஐந்தாம் கட்டம் 0 ஆகிவிடும்; ஆறாம் கட்டம் சுவர் என்பதால் அங்கேயும் 0. மின் எண்கள் எல்லாமே 0. அலை செத்துப்போனதா? இல்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் காந்த எண் 1 உயிரோடு காத்திருக்கிறது. நான்காம் அடியில் ஐந்தாம் கட்டத்தில் −1 எழும். துடிப்பு தலைகீழாகி இடப்புறம் திரும்பத் தொடங்கும்.

கண்ணாடியில் உங்கள் முகம் தெரிவதும் ரேடாரில் விமானம் தெரிவதும் இதே கணக்குதான். எதிரொலி என்ற சொல்லை நாம் எந்த விதியிலும் எழுதவில்லை. "சுவரில் 0" என்று மட்டும்தான் எழுதினோம். இதை நோட்டில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்த நாளில் −1 வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகையாகச் சொல்லவில்லை.

இந்தக் கணக்கில் அலை ஓர் அடிக்கு மிகச் சரியாக ஒரு கட்டம் நகரும்படி வைத்திருந்தோம். பேராசைப்பட்டு நேர அடியை இரு மடங்காக்கினால் கழிக்கும் அளவு ஒவ்வொன்றும் இரு மடங்காகும். அதே தொடக்கத்திலிருந்து செய்து பாருங்கள். முதல் அடியிலேயே 2, −5, 4 என்று எண்கள் வரும். இரண்டாம் அடியில் மூன்றாம் கட்டத்தில் 53. அதற்கு மேல் கணினியே கையை விரித்துவிடும். ஓர் அடி நேரத்தில் உண்மை அலை எவ்வளவு தூரம் போகுமோ, அதைவிடக் கட்டம் சிறியதாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்க்கும் விதிக்குச் சேதி போய்ச் சேராது. மூன்று பரிமாணத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்: கட்டத்தின் அளவை ஒளியின் வேகத்தால் வகுத்து, அதை மூன்றின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் வருவதுதான் மேல் வரம்பு.

பெட்டியின் ஓரங்களுக்கும் வழி செய்ய வேண்டும். உண்மையில் காற்றுவெளி முடிவதே இல்லை; கணினியின் பெட்டி முடிந்துவிடுகிறது. ஓரத்தைச் சும்மா விட்டால் சிதறிய அலை அங்கே மோதித் திரும்பி வந்து விடையைக் கெடுத்துவிடும். ஏரியில் படகு போகும்போது கவனித்துப் பாருங்கள்: கல் கட்டிய கரையில் அலை மோதித் திரும்புகிறது, கோரைப் புல் அடர்ந்த கரையில் புகுந்து அடங்கிவிடுகிறது. கணினிப் பெட்டிக்கு அந்தக் கோரைப் புல்லை 1994-இல் பெராங்கே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். எந்தக் கோணத்தில் வந்தாலும் அலையைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும் ஓர் அடுக்கு.

கட்டம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? அலைநீளத்துக்குக் குறைந்தது பத்துக் கட்டம் என்பது வாய்மொழி விதி. இதில் நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கினேன். படித்துக்கொண்டிருந்த காலத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு மாம்பழம் எப்படிச் சிதறடிக்கும் என்று பார்க்க ஆசை. காற்றில் அந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், பத்தில் ஒரு பங்கு 1.25. பத்து சென்டிமீட்டர் பழம் எட்டுக்கு எட்டுக்கு எட்டு, 512 கட்டங்களில் அடங்கிவிட்டது. கணினி நொடியில் விடை தந்தது. ஒரு நாள் முழுவதும் பெருமையோடு திரிந்தேன். மறுநாள், பழத்துக்குப் பதிலாக அதே அளவு தண்ணீர்க் கோளத்தை வைத்து, குஸ்டாவ் மீ கொடுத்த விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தவறு இதுதான். தண்ணீருக்குள் அலையின் வேகம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்று சொல்லும் எண்ணுக்கு ஒப்புமை விடுதிறன் என்று பெயர்; தண்ணீருக்கு அது 78 அளவில் இருக்கிறது. அதன் வர்க்கமூலம் 8.8; அத்தனை மடங்குதான் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் அலைநீளமும் குறையும். பழத்துக்குள் அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. 1.25 சென்டிமீட்டர் கட்டத்தில் அது எப்படித் தெரியும்? கட்டத்தை 1.4 மில்லிமீட்டராகக் குறைக்க வேண்டும். அப்போது 512 கட்டங்கள் மூன்றரை லட்சமாகின்றன. பழம் அதேதான், ஈரம்தான் கணக்கை ஏற்றிவிட்டது. அன்றிலிருந்து எந்த நிரலை எழுதினாலும் முதல் வேலையாகக் கோளத்தை வைத்துச் சோதித்துவிடுகிறேன்.

இப்போது கொலுசுக்கு வருவோம். தோலில் மட்டும்தான் மின்னோட்டம் என்றால், காற்றையும் உள்பகுதியையும் கட்டம் கட்டுவது வீண் வேலை. தோலை மட்டும் சிறு முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொரு விளிம்பையும் கடந்து எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பதைத் தெரியாத எண்ணாக வைத்துக்கொள்ளலாம். உலோகத்தின் மேற்பரப்பில் வந்த அலையும் சிதறிய அலையும் சேர்ந்து, பரப்பை ஒட்டிய மின்புலத்தை 0 ஆக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இந்தப் பாணிக்கு மொமென்ட் முறை என்று பெயர். ஹாரிங்டன் 1968-இல் இதை ஒழுங்குபடுத்திப் புத்தகமாக்கினார். எந்த வளைந்த வடிவத்தையும் முக்கோணங்களால் மூடிக் கணக்கிடும் வழியை 1982-இல் சதாசிவ ராவ், வில்டன், கிளிசன் ஆகிய மூவரும் தந்தார்கள். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்ளும் முக்கோண இணைகளை இன்றும் அழைக்கிறார்கள்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஊர்வழக்கில் சொல்லிவிடலாம். யீயின் முறையில் ஒவ்வொரு கட்டமும் அடுத்த வீட்டுக்காரரோடு மட்டும் பேசும். மொமென்ட் முறை மொய் நோட்டு மாதிரி: ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் மற்ற ஒவ்வொரு வீட்டோடும் தனிக் கணக்கு உண்டு. வீடுகள் குறைவு, ஆனால் கணக்குகள் ஏராளம். முப்பது சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர எவர்சில்வர் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 சென்டிமீட்டர். பத்துக்கு ஒன்று என்ற விதிப்படி 20,000 முக்கோணங்கள், 30,000 விளிம்புகள். கணக்குகள் 90 கோடி! எழுதி வைக்க மட்டும் 14 ஜிபி நினைவகம் வேண்டும். அதிர்வெண்ணை இரு மடங்காக்கினால் விளிம்புகள் நான்கு மடங்கு, நினைவகம் பதினாறு மடங்கு, நேரடியாகத் தீர்க்கும் நேரம் அறுபத்து நான்கு மடங்கு. ஒரே ஓர் ஆறுதல்: நான் உன்னை எவ்வளவு ஆட்டுகிறேனோ அவ்வளவே நீ என்னை ஆட்டுகிறாய் என்பது இயற்கையின் மொய். அதனால் பாதி நோட்டை எழுதினால் போதும். தூரத்து ஊர்க்காரர்களின் மொய்யை எல்லாம் ஒரே கவரில் போட்டு அனுப்புவது போல, தொலைவில் உள்ள முக்கோணங்களைக் கும்பலாகக் கணக்கிடும் வழிக்கு 1987-இல் கிரீன்கார்டும் ரோக்லினும் அடித்தளம் போட்டார்கள். விமானம் அளவுள்ள பொருள்களை இன்று கணக்கிட முடிவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே பொருளால் ஆன மின்கடத்தாப் பொருளுக்கும் தோல் முறை செல்லுபடியாகும். கோலிக்குண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் குணம் சீராக இருப்பதால், மேற்பரப்பில் மின்னோட்டத்தோடு காந்த ஓட்டம் என்ற கற்பனை ஓட்டத்தையும் வைத்துச் சமாளித்துவிடலாம்; தெரியாத எண்கள் மட்டும் இரு மடங்காகும். கொட்டை, சதை, தோல் எனக் கலந்து கிடக்கும் மாம்பழத்துக்குச் சதையை வெட்டியே ஆக வேண்டும்.

அந்தத் தகட்டை இன்னும் கீழே வைத்துவிடாதீர்கள். அதை ரேடாருக்கு நேராகப் பிடித்தால், பரப்பின் வர்க்கத்தை நான்கு பையால் பெருக்கி, அலைநீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் ரேடாருக்குத் தெரியும் பரப்பு. போட்டுப் பார்த்தால் 113 சதுர மீட்டர். கையில் இருப்பதோ 0.09 சதுர மீட்டர்! அதே நிழல் விழும் அளவுக்கு ஓர் உலோகக் கோளத்தை வைத்தால் ஏறத்தாழ 0.09-தான் தெரியும். இப்போது தகட்டை மூன்று டிகிரி மட்டும் சாய்த்துப் பிடியுங்கள். தகட்டின் ஒரு பாதியிலிருந்து வரும் அலையை மறு பாதியின் அலை அடித்துவிட, எதிரொலி ஏறக்குறைய இல்லாமலே போகும். ரேடாருக்கு எளிதில் பிடிபடாத அமெரிக்காவின் எஃப்-117 போர் விமானம் தட்டையான பலகைகளை ஒட்டவைத்தது போல இருப்பதற்கு இதுவே காரணம். அது 1981-இல் முதன்முதலில் பறந்தது. வடிவமைத்த 1970-களின் கணினிகளால் தட்டைப் பலகைகளைத்தான் கணக்கிட முடிந்தது. அந்தக் கணக்குக்கு அடிப்படையாக அமைந்தது, பலகையின் விளிம்பில் அலை எப்படிச் சிதறும் என்று சோவியத் இயற்பியலாளர் உஃபிம்த்செவ் 1962-இல் வெளியிட்ட ஆய்வு. நூற்றுக்கணக்கான அலைநீளம் அகலமுள்ள பொருள்களுக்குத் துண்டு போடாமல் இப்படி விளிம்பையும் பரப்பையும் மட்டும் பார்த்து மதிப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு.

அந்தப் பெண் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ஆறு கட்ட நோட்டைப் போட்டு −1 வரவைத்துவிட்டாளாம். "மாமா, சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி மாதிரி ஏதாவது வைத்தால்?" என்று கேட்டாள். கட்டங்களை நூறாக்கி, ஐம்பதிலிருந்து வலப்புறம் முழுவதும் மின் விதியில் கழிக்கும் அளவை மட்டும் நான்கில் ஒன்றாக்கச் சொன்னேன். விடுதிறன் நான்கு உள்ள பொருள் என்று அதற்குப் பொருள். கையால் முடியாது, விரிதாள் வேண்டும். ஒற்றை 1-ஐ அனுப்பினால் பின்னால் சில்லறை எண்கள் வால் போலத் தொங்கும். இருபது கட்டங்களில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் துடிப்பாக அனுப்ப வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தலைகீழாகத் திரும்பி வரும். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தோடு ஒரு துடிப்பு உள்ளே போய், பாதி வேகத்தில், பாதி அகலத்தில் நகரும். எனக்கு −0.33 வந்தது. அவளுக்கு என்ன வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.